அக்கா பார்க்க வந்த பள்ளிக்கூடம்

1

என் மகள் நிலாவின் பள்ளிக்கூடத்துக்கு இந்த வாரத்தோடு ஒரு வயது. காலையில் அவளை இறக்கிவிடப் போனபோது வாசலில் பலூன் கட்டியிருந்தார்கள். கார்க் கதவைச் சாத்திவிட்டு அவள் திரும்பிப் பார்க்காமல் ஓடினாள். போன வருஷம் இதே வாசலில், இறங்க மாட்டேன் என்று பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தவள்.

டாலஸ் நகரத்துக்கு வடக்கே நாங்கள் வீடு வாங்கியபோது, சுற்றிலும் மக்காச்சோளக் காடுதான். பெரம்பலூர்ப் பக்கம் பிறந்தவளுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? சன்னலைத் திறந்தால் ஊர் வாசனை. எட்டே வருஷத்தில் காடெல்லாம் வீடாகிவிட்டது. இருந்த ஒரே உயர்நிலைப் பள்ளியில் இடமில்லாமல், விளையாட்டுத் திடலில் தகரப் பெட்டி மாதிரி வகுப்பறைகளை இறக்கிவைத்துப் பாடம் நடத்தினார்கள். அப்புறம்தான் இரண்டாவது பள்ளி ஒன்று கட்ட முடிவானது.

எனக்கு வேலை கான்கிரீட்டைச் சோதிப்பது. லாரியில் கலவை வந்ததும் கொஞ்சம் எடுத்து அதன் இளக்கம் பார்ப்பேன். பிறகு உருளை அச்சில் நிரப்பி வைத்து, ஏழாம் நாளும் இருபத்தெட்டாம் நாளும் உடைத்து வலிமை பார்ப்போம். ஊரில் சதுர அச்சு, இங்கே உருளை அச்சு. மற்றபடி சிமெண்ட் சிமெண்ட்தான். அரியலூர் சுண்ணாம்புக் கல் சுரங்கத்தில் லாரிக்குக் கல் ஏற்றியவர் என் அப்பா. அவர் மகள் அமெரிக்காவில் போய் சிமெண்டைத்தான் கட்டிக்கொண்டு அழுகிறாள் என்று சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள்.

புதுப் பள்ளிக்கு அஸ்திவாரம் போட்டபோது சோதனை வேலை எங்கள் கம்பெனிக்கு வந்தது. தோண்டிய குழியில் வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை. அதில் கிளிஞ்சல் அச்சுகள். அப்பா சுரங்கத்திலிருந்து மடியில் கட்டிக்கொண்டு வந்து காட்டுவாரே, அதே கிளிஞ்சல். ஒரு காலத்தில் அங்கேயும் கடல், இங்கேயும் கடல். ஒரு துண்டை எடுத்து வந்து நிலாவிடம் காட்டினேன். "நைஸ்" என்று சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

2

நிலா எட்டாம் வகுப்பில் இருந்தபோது கல்வி மாவட்டத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. எந்தத் தெருப் பிள்ளைக்கு எந்தப் பள்ளி என்ற எல்லைக் கோட்டை மாற்றி வரைந்திருக்கிறார்கள். எங்கள் தெரு புதுப் பள்ளியின் பக்கம் போய்விட்டது. அடுத்த தெரு பழைய பள்ளியின் பக்கம். அந்த அடுத்த தெருவில்தான் அவளுடைய உயிர்த்தோழி இருந்தாள்.

இந்த நாட்டில் உயர்நிலைப் பள்ளி ஒன்பதாம் வகுப்பில் ஆரம்பிக்கிறது. நிலா கிளாரினெட் வாசிப்பவள். பழைய பள்ளியின் அணிவகுப்பு இசைக்குழுவுக்கு ஊரெல்லாம் பெயர். தோழியும் அவளும் அதில் சேர்வதென்று ஆறாம் வகுப்பிலேயே முடிவு செய்துவிட்டார்கள். புதுப் பள்ளியில் முதல் வருஷம் ஒன்பதும் பத்தும் மட்டும்தான். பெயர்பெற்ற குழு கிடையாது, கோப்பை கிடையாது, மூத்த மாணவர்கள் கிடையாது.

"நீதான அதக் கட்டுன?" என்றாள் நிலா. அந்தக் குரல் எனக்குப் புதிது.

விதிவிலக்குக் கேட்டு விண்ணப்பம் போடலாம் என்றார்கள். என் கணவர் செந்தில் படிவத்தைப் பதிவிறக்கினார். நான் நேரிலேயே போய்க் கொடுத்தேன். கவுண்டரில் இருந்த அம்மாளிடம், மகள் இப்போது 'எய்த் ஸ்டாண்டர்ட்' முடிக்கிறாள் என்றேன். எந்தத் தரத்தில் எட்டாவது என்று அவர் திருப்பிக் கேட்டார். இருபது வருஷம் இங்கே இருந்தும், பதற்றம் வந்தால் 'கிரேடு' மறந்து 'ஸ்டாண்டர்ட்' வந்துவிடுகிறது. பக்கத்தில் நின்ற நிலா கூரையைப் பார்த்தாள். என் இங்கிலீஷ் சறுக்கும்போதெல்லாம் அவள் பார்ப்பது கூரையைத்தான்.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. பழைய பள்ளியில் அண்ணனோ அக்காவோ படித்தால் மட்டுமே விலக்கு. நிலா எங்களுக்கு ஒரே பெண். பதில் மொத்தம் ஒன்றரை வரி.

3

அண்ணனோ அக்காவோ என்ற அந்தச் சொற்கள் எனக்குள் வேறொன்றைக் கிளறிவிட்டன.

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் சாலையில் இறங்கி உள்ளே மூன்று கிலோமீட்டர் நடந்தால் எங்கள் ஊர். அப்பா சுரங்கத்துக்குப் போவார். அம்மா பருத்தி எடுக்க, வெங்காயம் அறுக்க யார் காட்டில் கூப்பிட்டாலும் போவார். எங்களுக்கென்று ஒரு குழி நிலம் கிடையாது. அக்கா அஞ்சலை என்னைவிட மூன்று வயது மூத்தவள். ஊர்ப் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரைதான். அதற்கு மேல் படிக்க ஏழு கிலோமீட்டர் போக வேண்டும். பஸ் காலையில் ஒன்று, இருட்டிய பிறகு ஒன்று. பையன்கள் சைக்கிளில் போனார்கள். அக்கா எட்டோடு நின்றாள். அம்மாவோடு களை வெட்டப் போனாள்.

நான் எட்டு முடித்த வருஷம், எங்கள் பள்ளி உயர்நிலைப் பள்ளியாகத் தரம் உயர்ந்துவிட்டதாக உத்தரவு வந்தது. ஊரே பொங்கல் மாதிரி இருந்தது. தலைமையாசிரியர் வீடு வீடாக வந்து, இடையில் நின்ற பெண்களையும் அனுப்பச் சொன்னார்.

ஒரு சாயங்காலம் அடிபம்பில் தண்ணீர் பிடிக்கும்போது அக்கா மெதுவாகக் கேட்டாள்.

"ஏ கலா, எட்டு பாஸாயிருந்தா ஒம்போதுல சேந்துக்கலாமாம். வயசு ஒண்ணும் தடையில்லன்னு எச்செம் சொல்றாரு. நானும் வரட்டுமா?"

எனக்குப் பதிமூன்று வயது. அக்கா பாவாடை தாவணியில், என்னைவிட ஒரு தலை உயரமாக, நான் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்திருப்பது கண் முன்னால் வந்தது.

"ஒரே கிளாஸ்லயா? எல்லாரும் சிரிப்பாளுவக்கா" என்றேன்.

அவள் பம்பை அடித்து என் குடத்தையும் நிரப்பிக் கொடுத்தாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

ஒன்பதாம் வகுப்புக்குப் புதிதாக இரண்டு அறைகள் கட்டினார்கள். சித்தாள் வேலைக்கு ஊர்ப் பெண்களைக் கூப்பிட்டபோது அக்காவும் போனாள். தலையில் சும்மாடு வைத்து, பாண்டுச் சட்டியில் கலவை சுமந்தாள். அவள் சுமந்த கலவையில் எழும்பிய சுவருக்குள் உட்கார்ந்து நான் ஒன்பதும் பத்தும் படித்தேன். பிறகு திருச்சி, பிறகு சென்னை, பிறகு இங்கே. அக்காவைச் சிறுவாச்சூரில் கட்டிக் கொடுத்தார்கள். காளி கோயிலுக்குப் போகும் வழியில் அவளும் மாமாவும் அர்ச்சனைத் தட்டுக் கடை வைத்திருக்கிறார்கள். திங்களும் வெள்ளியும் கோயில் திறக்கும் நாள். அன்றைக்கு அவளுக்குப் போன் போட்டால் எடுக்க மாட்டாள்.

முப்பது வருஷமாக அவளோடு வாரம் தவறாமல் பேசுகிறேன். அந்த அடிபம்புப் பேச்சை மட்டும் நான் எடுத்ததில்லை. அவளும் எடுத்ததில்லை.

4

கடையை மூன்று மாதம் மாமா பார்த்துக்கொள்கிறேன் என்றதும், அக்காவை வரவழைக்க விசா விண்ணப்பத்தை நானே இணையத்தில் நிரப்பினேன். பக்கம் பக்கமாகக் கேள்விகள். 'இடைநிலைக் கல்வியோ அதற்கு மேலோ பயின்றிருக்கிறீர்களா?' என்று ஒன்று. ஆம், இல்லை என இரண்டு வட்டங்கள். 'இல்லை' என்பதை அழுத்தினேன். அழுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

சென்னையில் நேர்காணல். எதற்குப் போகிறீர்கள் என்று கேட்டார்களாம்.

"தங்கச்சி கட்டுன பள்ளிக்கூடத்தப் பாக்கப் போறங்க" என்றிருக்கிறாள்.

உங்கள் தங்கை பள்ளிக்கூடம் நடத்துகிறாரா என்று அதிகாரி விழிக்க, அக்கா விளக்கியிருக்கிறாள். "இல்லீங்க, கலவ சரியா இருக்குதான்னு பாக்குறவ. இல்லாட்டி இடிஞ்சு வுழுந்துருமில்ல?" மொழிபெயர்த்தவர் சிரித்துவிட்டாராம். விசா கிடைத்துவிட்டது.

ஜூன் மாதம் வந்து இறங்கினாள். நிலா அவளோடு ஒட்டுவாளா என்று எனக்குப் பயமாக இருந்தது. நிலாவின் தமிழ் எங்கள் வீட்டுக்குள் மட்டும் உலாவும் தமிழ். சாப்பாடு, தூக்கம், கோபம், இவற்றைத் தாண்டாது.

ஒரு நாள் முற்பகல், அக்காவும் நானும் அடுப்படியில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம். நிலா வந்து அக்கா தோளில் சாய்ந்தாள்.

"பெரியம்மா, நான் புது ஸ்கூல் போமாட்டேன், நிக்கிறேன்னு சொன்னேன். அம்மா கேக்கல."

அக்கா கையில் இருந்த கத்தியைக் கீழே வைத்தாள்.

"நிக்கிறியா? எட்டோடவா? ஏங்கண்ணு, இம்மாந்தூரம் வந்து, இம்மாம் பெரிய வூட்டக் கட்டிகிட்டு, எட்டோட நிக்கிறதுக்கா? ஏ கலா, இது என்னடி கூத்து?"

நிலா சொல்ல வந்தது, பழைய இடத்திலேயே தங்கிவிடுகிறேன் என்பது. எங்கள் பக்கம் பள்ளிக்கூடத்தில் 'நிற்பது' என்றால் படிப்பையே விடுவது. நான் விளக்கிச் சொன்னதும் மூவரும் சிரித்தோம். ஆனால் நிலா விடவில்லை.

"அப்போ நீங்க நின்னீங்களா பெரியம்மா?"

"நின்னன் கண்ணு."

"ஏன்?"

"பஸ்ஸு இல்ல. அப்பறம் ஊருக்கே பள்ளிக்கூடம் வந்துச்சு. அதுக்குள்ள நான் பெருசாயிட்டன்."

என் பங்கை விட்டுவிட்டுச் சொன்னாள். வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை.

"அதில்ல நிலா. பெரியம்மா என்கிட்ட வந்து, நானும் ஒம்போதாவது வரட்டுமான்னு கேட்டா. எல்லாரும் சிரிப்பாங்க, வராதன்னு நாந்தான் சொன்னேன்."

மறந்துவிட்டேன் என்று சொல்வாள் என எதிர்பார்த்தேனோ என்னவோ. அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"ஆமா, சொன்ன. ரெண்டு மாசம் ஒம்மேல கோவமாத்தான் கெடந்தன். ஒன் சட்டையத் தொவைக்க மாட்டேன்னு போட்டனே, ஞாபகம் இல்லியா?"

ஞாபகம் இருந்தது. அப்போது அவளுக்கு வேலை அதிகம் என்றுதான் நினைத்திருந்தேன்.

"அப்பாவுக்கும் அவ்வளவா இஷ்டமில்லதான்" என்றாள் அக்கா. "ஆனா நீ வான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, அவருகிட்ட சண்ட போட்டாவது வந்துருப்பன்."

"தப்புதாங்க்கா" என்றேன்.

அவள் இன்னொரு வெங்காயத்தை எடுத்தாள். "சொன்னியே, அது போதும். இத்தினி வருசத்துல நீ மறந்தே போயிட்டன்னு நெனச்சன். அதான் எனக்குக் கஷ்டமா இருந்துச்சு."

நிலா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அப்போது என்ன வயது என்று கேட்டாள். பதிமூன்று என்றேன்.

"எனக்கு ஒரு வயசுதான் கூட" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனாள்.

5

ஆகஸ்டில், பள்ளி திறப்பதற்கு முந்தைய சனிக்கிழமை, ஊர்க்காரர்கள் எல்லோரும் வந்து பார்க்கலாம் என்று அறிவித்திருந்தார்கள். நிலா வர மாட்டாள் என்று நினைத்திருந்தேன். காலையில் அவளே கீழே வந்து, "பெரியம்மாவ நான் கூட்டிட்டுப் போறேன்" என்றாள்.

அக்கா பட்டுப்புடவை கட்டிக்கொண்டாள். பள்ளிக்கூடம் பார்க்கவா பட்டு என்று செந்தில் கேட்டதற்கு, "திறப்பு விழாவுக்கு வேறென்ன கட்டுறது மாப்ள?" என்றாள்.

உள்ளே நுழைந்ததும் எல்லோரும் மேலே கண்ணாடிக் கூரையைப் பார்த்தார்கள். அக்கா சுவரைப் பார்த்தாள். விரல் முட்டியால் இரண்டு இடத்தில் தட்டினாள். குனிந்து, தூணும் தரையும் சேருமிடத்தைத் தடவினாள்.

"நல்லாத்தான் புடிச்சிருக்கு. எத்தினி நாளு தண்ணி ஊத்துனாங்க?"

"ஒரு வாரம் ஈரமாவே வச்சிருந்தோம்க்கா."

"எங்களுக்கு மேஸ்திரி மூணு நாளோட வுட்டுட்டாரு. அதான் ஒங்க ஒம்போதாங் கிளாஸு செவுத்துல வெடிப்பு." கட்டியவளுக்குத் தெரிந்திருக்கிறது. இரண்டு வருஷம் அந்த வெடிப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த எனக்கு இவ்வளவு நாளும் காரணம் தெரியாது.

நிலா அவள் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் போனாள். இசை அறை, நூலகம், சோதனைச் சாலை. தனக்குத் தெரிந்த தமிழில் ஒவ்வொன்றையும் விளக்கினாள். ஒன்பதாம் வகுப்பு மாணவர்களை இங்கே 'ஃப்ரெஷ்மேன்' என்பார்கள் என்றாள்.

"பொம்பளப் புள்ளயக்கூடவா?"

"ஆமா பெரியம்மா."

"என்னவோ போ" என்றாள் அக்கா.

கணக்கு அறையில் ஓர் இளம் ஆசிரியை நின்றிருந்தார். வந்தவர்களிடமெல்லாம் உங்களுடையது எந்த வகுப்பு என்று விசாரித்துக்கொண்டிருந்தார். பிள்ளையைப் பற்றித்தான் கேட்கிறார். அக்காவிடமும் சிரித்துக்கொண்டே கேட்டார். என்ன கேட்கிறார் என்று அக்கா நிலாவைப் பார்த்தாள். நிலா, தன் தமிழில், "நீங்க எந்த கிளாஸ்னு கேக்குறாங்க" என்று மாற்றிவிட்டாள்.

அக்கா புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள்.

"ஒம்போதுன்னு சொல்லு."

நிலா அப்படியே சொன்னாள். ஆசிரியை அக்காவின் நரைத்த தலையை ஒரு கணம் பார்த்தார். பிறகு, அந்தப் பெண் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும், முன்வரிசை நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு, உட்காருங்கள் என்று கை காட்டினார். அக்கா உட்கார்ந்தாள். மேசையின் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு வெற்றுப் பலகையைப் பார்த்தாள். நான் வெளியே தாழ்வாரத்துக்கு வந்துவிட்டேன். எதிரே வந்த ஒருவர் உடம்பு சரியில்லையா என்று கேட்டார். தூசி என்றேன். புதுக் கட்டடம், ஒரு தூசி கிடையாது.

காரில் திரும்பும்போது அக்கா கேட்டாள். "ஏ கலா, பத்தாவது தனியா எழுதலாமாமே? கடைக்கு வர்ற டீச்சரம்மா ஒருத்தங்க சொன்னாங்க. மெய்தானா?"

6

அக்கா ஊருக்குப் போன பிறகு இங்கே நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். நிலாவின் இசைக்குழுவில் முதல் வருஷம் கிளாரினெட்டுக்கு ஐந்தே பேர். முதல் கால்பந்து ஆட்டத்தன்று வட்டமாக அணிவகுக்கப் போய், ஆள் போதாமல் அது பிறையாக நின்றது. ஆட்டத்திலும் படுதோல்வி. வீட்டுக்கு வந்து சிரித்துச் சிரித்துச் சொன்னாள். அடுத்த தெருத் தோழி முதலில் தினமும் வந்தாள், பிறகு வாரம் ஒரு முறை, இப்போது பிறந்தநாளுக்கு மட்டும். நிலா அதைப் பற்றிப் பேசுவதில்லை. நானும் கேட்பதில்லை, ஆனால் தெரியும்.

அக்கா கதை வேறு. பத்தாவது எழுத விண்ணப்பிக்கப் பெரம்பலூரில் கல்வி அலுவலகத்துக்குப் போயிருக்கிறாள். கிளார்க், "புள்ளைய கூட்டிட்டு வரலியா?" என்று கேட்டிருக்கிறார். "புள்ளைக்கில்லீங்க சார், எனக்குத்தான்" என்றாளாம். எட்டாம் வகுப்புச் சான்றிதழ் கேட்டார்கள். அது எப்போதோ கரையான் அரித்துப் போயிருந்தது. எங்கள் ஊர்ப் பள்ளிக்குப் போனாள். இப்போதிருக்கும் தலைமையாசிரியை பழைய பதிவேடுகளையெல்லாம் இறக்கித் தேட, அவள் பெயர் கிடைத்தது. நகல் வாங்கினாள். அறிவியலுக்குச் செய்முறை வகுப்புக்குப் போக வேண்டும் என்றார்கள், போனாள். திங்கள், வெள்ளி கடை. மற்ற நாள் படிப்பு.

கணக்குக்கு நிலாதான் துணை. ஞாயிற்றுக்கிழமை காலையில் போனில் இருவரும் உட்கார்ந்துகொள்வார்கள். சார்பு என்றால் என்ன, தொடர்வரிசை என்றால் என்ன என்று நிலா தமிழில் தேடிப் பிடித்துச் சொல்ல வேண்டியிருந்தது. எங்களால் பத்து வருஷத்தில் ஏற்ற முடியாத தமிழ், ஆறு மாதத்தில் அவளுக்கு ஏறிவிட்டது. சிறுவாச்சூர்த் தமிழ். ஒரு நாள் காரில் வந்துகொண்டிருந்த செந்திலுக்குப் போன் போட்டு, "வூட்டுக்கு எப்ப வருவீங்க?" என்று கேட்டாள். அவர் காரை ஓரங்கட்டிவிட்டுச் சிரித்தார்.

மே மாதம் முடிவு வந்தது. நாலு பாடம் பாஸ், கணக்கு போச்சு. நான் ஆறுதல் சொல்லப் போன் போட்டேன். "நாலு வந்துருக்குல்ல, அதச் சொல்லு மொதல்ல" என்று என்னை அதட்டினாள். ஜூலையில் துணைத் தேர்வு எழுதினாள். அதன் முடிவு இந்த வாரம் வந்தது. எனக்குச் சொல்லவில்லை, நிலாவுக்குத்தான் முதல் போன். மாடியிலிருந்து அவள் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

நான் ஓடிப் போய் போனை வாங்கினேன். அக்காவின் பின்னால் கடையில் தேங்காய்கள் அடுக்கியிருந்தன. முகமெல்லாம் வேர்வை.

"அக்கா!"

"பாஸாயிட்டன்டி. முப்பத்தெட்டு. மூணு மார்க்கு கூடவே குடுத்துருக்கான்."

நான் புறங்கையால் கண்ணைத் துடைத்தேன்.

"அழுவாத, அழுவாத. வியாபார நேரம். பிளஸ் ஒன்னுக்கு என்ன குரூப்பு எடுக்கலாம்னு நிலாட்ட கேட்டுகிட்டு இருந்தன், நடுவுல நீ புடுங்கிட்ட."

"வரலாறு எடுத்துக்கக்கா. அது உனக்கு ஈசி" என்றேன், மூக்கைத் துடைத்துக்கொண்டு.

"வரலாறு வேணாம்" என்றாள் அக்கா, யாருக்கோ தட்டில் வெற்றிலை வைத்துக்கொண்டே. "பழசையே எத்தினி நாளைக்குப் படிக்கிறது? வணிகவியல் எடுக்கலாம்னு இருக்கன். சரி, போன அவகிட்ட குடு."